இருதரப்பு என்றால் எந்த இரண்டு தரப்பு?

நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கிற குடோன் நான் கட்டியது. மண்டியில் ஷட்டர் போட்ட கடை நான் பிடித்தது. ஒரு காலத்தில் அதே இடத்தில் தூணடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். மழை வந்தால் அந்தச் சாக்கையே மடித்துத் தலைக்குக் கொங்காடை போட்டுக்கொள்வேன். மூட்டை தூக்கின முதுகு இது. இன்றைக்கு இந்த முதுகுக்குப் பின்னால் என் பெயர் எழுதின லாரிகள் நிற்கின்றன. சாமுண்டி மலை தெரிகிற மாதிரி மாடி வீடு கட்டினேன். என் அப்பா விற்றுத் தொலைத்த, சொந்த ஊர் ராமாபுரத்துக் காட்டைத் திரும்ப வாங்கி, போர் போட்டு, மஞ்சள் வைத்தேன். மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தேன், மகனை இன்ஜினியருக்கு. நானோ நாலாவதோடு நின்றவன். மைசூருக்கு வந்த புதிதில் பஸ் போர்டு படிக்கத் தெரியாமல், கண்டக்டர் எந்த ஊர்ப் பெயரைக் கத்துகிறார் என்று காது கொடுத்து ஏறினவன். “கொள்ளேகால் பக்கத்துத் தமிழனுக்கு இங்கே என்ன வேலை?” என்று மண்டியில் ஒருவர் கேட்டார். பிற்பாடு அவர் கடையையும் நான்தான் வாங்கினேன்.

இதற்கெல்லாம் யாரும் எனக்குப் பலகை வைக்க வேண்டாம். கட்டினது கட்டினபடி நிற்கிறது, பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் செங்கல் சிமெண்ட் இல்லாமலும் ஒன்றை நான் கட்டினேன். அது கண்ணுக்குத் தெரியாது. பலகை வேண்டுமென்றால் அதற்குத்தான் வேண்டும். வைத்தார்கள். அதில் என் பெயர் இல்லை.

எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குப் புதுக் கட்டிடம் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கருங்கல் பலகை, பொன் எழுத்து. கன்னடத்தில் பெரிதாக, ஆங்கிலத்தில் சின்னதாக. இந்த வயதில் எனக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ‘எல்லையில் சரக்கு மாற்றும் இருதரப்பு ஏற்பாட்டை உருவாக்கியவர்கள்’ என்று இருந்தது. கீழே இரண்டு பெயர். ஒன்று எங்கள் சங்கத் தலைவர். இன்னொன்று மேட்டூர் பக்கத்துச் சங்கத் தலைவர். அந்த ஏற்பாடு நடக்கத் தொடங்கிய நாளில் இந்த இரண்டு பேரும் எல்லையில் இருக்கிற பாலாறு எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை. என் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அது என்ன ஏற்பாடு என்று சொல்லிவிடுகிறேன். தெரியாதவர்களுக்குப் புரியட்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறவர்களுக்கு உறைக்கட்டும்.

இரண்டு மாநிலத்துக்கும் ஆற்றுத் தண்ணீர்த் தகராறு வந்தால் எங்கள் தொழிலில் முதலில் நிற்பது லாரி. இந்தப் பக்க நம்பர் பிளேட் அந்தப் பக்கம் போனால் கல் வரும். அந்தப் பக்க நம்பர் இந்தப் பக்கம் வந்தால் இங்கேயும் கல் வரும். கல்லுக்கு மட்டும் மாநிலம் கிடையாது. அரசாங்கம் பேசும், கோர்ட் பேசும், டிவியில் ஆளாளுக்குப் பேசுவார்கள். தக்காளி பேசாது. அது பாட்டுக்கு அழுகும்.

அப்படி ஒரு சமயம், என் குடோன் வாசலில் தக்காளிப் பெட்டி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேட்டூரில் என்னிடம் சரக்கு எடுக்கிற வியாபாரி ஒருவர். அவர் களத்தில் வாழைத்தார் பழுத்து உதிர்கிறது. அவர் தக்காளி வாங்குவார், வாழைத்தார் அனுப்புவார். அதுவரைக்கும் எங்களுக்குள் போன் குரல் பழக்கம்தான். என்னைவிடச் சின்னவர், அதனால் நான் தம்பி என்பேன், அவர் அண்ணா என்பார். முதலில் போன் செய்தது நான். தான்தான் செய்ததாக அவர் இன்றைக்கும் சாதிப்பார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை, விடுங்கள்.

“தம்பி, வண்டி எல்லை தாண்டினாத்தான கல்லு? சரக்கு மட்டும் தாண்டினா?” என்றேன்.

“சரக்குக்குக் காலு இருக்குதுங்களா அண்ணா?”

“நம்ம ஆளுங்களுக்கு இருக்குதில்ல?”

அப்புறம் சொன்னார்: “பாலாறு வரைக்கும் நீங்க வந்துருவீங்களா?”

வந்துவிடுவேனாவா? அது நான் பிறந்து வளர்ந்த ரோடு. ராமாபுரம், கௌதள்ளி எல்லாம் தாண்டி மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கினால் பாலாறு. அங்கே செக்போஸ்ட். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, விட்டால் மேட்டூர். அந்த மலையில் எந்த வளைவில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் தெரியும். என் லாரி இந்தப் பக்கத்தோடு நிற்கட்டும், அவர் லாரி அந்தப் பக்கத்தோடு நிற்கட்டும், நடுவில் சரக்கு கை மாறட்டும். யோசனை இவ்வளவுதான். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் முதல் தடவை நாறிப்போனது. அதையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு புத்தி உண்டு. இரண்டு பேர் பேச வேண்டிய காரியம் எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு பெரிய மனுஷரை உட்கார வைத்தால்தான் அது காரியம். வரப்புத் தகராறானாலும் சரி, கல்யாணப் பேச்சானாலும் சரி. அந்தப்படிக்கு இரண்டு பக்கமும் உறவுக்காரர் உள்ள ஒரு பெரியவரை அழைத்தோம். “நான் வந்து தேங்காய் உடைக்காமல் சரக்குக் கயிறு அவிழ்க்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார். நாங்களும் அவிழ்க்கவில்லை. இரண்டு லாரியும் வெயிலில் நிற்கிறது. பெரியவர் வழியில் ஒரு கிடா வெட்டு விருந்தில் கை நனைத்துவிட்டு ஆடி அசைந்து வந்தார்.

வந்ததும் அவருக்கு நாற்காலி. அவர் நடுவில். நான் இந்தப் பக்கம் நின்றேன், மேட்டூர்க்காரர் அந்தப் பக்கம். முகத்துக்கு முகம் பார்த்தது அன்றைக்குத்தான், ஆனால் பேசினது பெரியவரோடு.

“தக்காளி நசுங்கினா யாரு பொறுப்புன்னு அவரக் கேளுங்க” என்றேன் நான்.

“தாரு அடிபட்டா யாரு பொறுப்புன்னு அவியளக் கேளுங்க” என்றார் அவர்.

பெரியவர் இங்கே கேட்டதை அங்கே சொல்லும்போது கொஞ்சம் தன் சரக்கையும் சேர்த்துக்கொண்டார். நான் கேட்டது ‘யார் பொறுப்பு’ என்று. அங்கே போனது ‘உங்கள் ஆட்களுக்குச் சரக்குப் பிடிக்கத் தெரியுமா’ என்று. மேட்டூர்க்காரருக்கு மூக்கு விடைத்தது. அங்கிருந்து வந்த பதிலில் எனக்கு மீசை துடித்தது. பெரியவர் மோர் கேட்டார். என் லாரியின் பின்கதவிடுக்கில் தக்காளித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தோ என்னவோ, மேட்டூர்க்காரர் பெரியவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். “அண்ணா, நாம ரெண்டு பேரும் தமிழுதானுங்க பேசறோம். நடுவால எதுக்குங்க மொழிபெயர்ப்பு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்பறம் நா எதுக்குடா வந்தேன்?” என்றார்.

“தேங்கா ஒடைக்கறதுக்குங்க பெரிப்பா” என்றார் மேட்டூர்க்காரர், கையைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு மரியாதையாக. பெரியவர் உடைத்தார். ஒரு மூடியை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் காரியம்.

கேள்வி அதேதான்: நசுங்கினால் யார் பொறுப்பு? என் ஆள் இறக்கிக் கொடுத்தால், ‘நீ கொடுக்கும்போதே நசுங்கிப் போச்சு’ என்பார்கள். அவர் ஆள் வாங்கினால், ‘நீ பிடிக்கும்போது நசுக்கினாய்’ என்போம். சாயங்காலம் வரை அங்கேயே பஞ்சாயத்துதான். அப்போது நான் ஒரு வழி சொன்னேன். இது நான் சொன்னது, அவர் சொன்னதல்ல, இதில் வழக்கே கிடையாது. “தம்பி, உங்க ஆளுக என்ற லாரில ஏறட்டும், எடுத்துக்கட்டும். என்ற ஆளுக உங்க லாரில ஏறட்டும், எடுத்துக்கட்டும். தொட்டவன் பொறுப்பு. ஒரு பெட்டி அங்க போனா ஒரு தாரு இங்க வரோணும். நீங்க நிறுத்துனா நானும் நிறுத்துவேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?”

“இல்ல.”

“எனக்கும் இல்லீங்க. அப்ப இது நடக்குமுங்க” என்றார்.

இரண்டு லாரியையும் ரிவர்ஸில் எடுத்து முதுகோடு முதுகு நிறுத்தினோம். பின்கதவுகளைத் திறந்து நடுவில் பலகை போட்டோம். மைசூர் லாரியின் முகம் மைசூரைப் பார்த்து, மேட்டூர் லாரியின் முகம் மேட்டூரைப் பார்த்து. ஒரு சக்கரம்கூடக் கோடு தாண்டவில்லை. செக்போஸ்டுக்காரர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். தாண்டாத வண்டியை என்ன சொல்லித் தடுப்பது?

மேட்டூர் ஆள் ஒருவன் என் லாரியில் கால் வைக்குமுன் நின்றான். “ஏப்பா மைசூரு, உங்க வண்டில ஏறுனா கல்லடிக்க மாட்டாங்களே?”

என் ஆள் கன்னடக்காரன், மண்டியில் தமிழ் பழகினவன். “ஏறு குரு, ஏறு. கல்லு அடிக்கறவனுக்கும் ஊட்டக்கே பாளேகாய் வேணும்” என்றான். ‘குரு’ என்றால் கன்னடத்தில் கூட்டாளி; ‘ஊட்டக்கே பாளேகாய்’ என்றால் சாப்பாட்டுக்கு வாழைக்காய். பலகையே ஆடுகிற மாதிரி சிரித்தார்கள். பெட்டி போனது, தார் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியைக் கைப்பிடித்து இறக்குகிற மாதிரி இறக்கினார்கள், ஏனென்றால் தொட்டவன் பொறுப்பு.

அதிலிருந்து எப்போது தகராறு வந்தாலும் பாலாற்றில் எங்கள் லாரிகள் முதுகு காட்டி நிற்கும். பார்த்த மற்ற வியாபாரிகளும் வந்தார்கள். முட்டைக்கோஸ் வந்தது, பீன்ஸ் வந்தது, சேலத்து ஜவ்வரிசி வந்தது. எல்லாம் ஓடிப் பழகின பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, சங்கம் வந்தது. இரண்டு சங்கத்துத் தலைவர்களும் ஒரு ஓட்டல் ஹாலில் பேனர் கட்டி, சால்வை போட்டு, கையெழுத்துப் போட்டு, கை குலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. லோடு காத்திருந்தது.

கல்லில் வெட்டின பிறகுதான் உறைத்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு காலேஜ் மேடத்தைப் பேச அழைத்திருந்தார்கள். ரயில்வே உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். கன்னடத்தில்தான் பேசினார், நன்றாகவே பேசினார். ‘பைலேட்டரலிசம்’ என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கினார். ஒருவன் யாரையும் கேட்காமல் தானே முடிவெடுத்துச் செய்தால் அது ஒருதரப்பு. ஊர்ப்பட்ட பேர் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே விதி போட்டால் அது பலதரப்பு. இரண்டே பேர் நேருக்கு நேர் பேசி, நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் இருதரப்பு. இரண்டு நாடுகள் வியாபாரம் பேசினால், விமானம் விடுவதற்குப் பேசினால், கைதியை மாற்றிக்கொள்ளப் பேசினால், இந்த வார்த்தையைப் போடுவார்களாம். அதில் ஒரு ஆபத்தும் உண்டு என்றார். தனியாக உட்காரும்போது பெரியவன் சின்னவனை அமுக்கிவிடுவான், அதனால் சின்ன நாடுகள் பத்துப் பேர் இருக்கிற சபையைத்தான் விரும்பும் என்றார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. இதெல்லாம் எனக்குத் தெரியும்! நான் வீடு கட்டினது ஒருதரப்பு. என் சம்சாரம் இன்றைக்கும் சமையற்கட்டு எந்தத் திசையில் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் கூடி உட்கார்ந்தது பலதரப்பு. பந்தியில் முதலில் ரசமா மோரா என்பதுகூட அன்றைக்கு முடிவாகவில்லை. மறுநாள் நானும் சம்பந்தியும் ஒரு ஓட்டலில் ஆளுக்கொரு காபியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தோம். அது இருதரப்பு. பெரியவன் சின்னவனை அமுக்குவதும் தெரியும். தூணடியில் சாக்கு விரித்திருந்த காலத்தில் என்னோடு ‘நேருக்கு நேர்’ பேசின பெரிய மண்டிக்காரர்கள் எத்தனை பேர்! பாலாற்றில் ஏன் நடந்தது? ஒரு லாரிக்கு ஒரு லாரி. ஒரு பெட்டிக்கு ஒரு தார். அமுக்க முடியாது.

பேச்சு முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தேன். தட்டின கை நின்றது.

எங்கள் தலைவரைச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில் பிடித்தேன். “ஐயா, இது யார் உருவாக்கின ஏற்பாடு?”

“யஜமான்ரே, ஸ்வல்ப மெதுவா” என்றார். கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டுமாம், விருந்தாளிகள் பார்க்கிறார்களாம். “நீங்களும் சங்கத்து மெம்பர்தானே? சங்கம் செய்தது என்றால் நீங்களும் செய்ததுதானே?”

“அப்போ கல்லில் சங்கம் என்று மட்டும் வெட்டியிருக்க வேண்டியதுதானே? உங்கள் பெயர் எப்படி அதில் ஏறியது? அதுவும் தொட்டவன் பொறுப்பா?”

அவருக்கு அந்த விதியே தெரியாது. உருவாக்கினவராம்.

பக்கத்தில் நின்ற மேடத்திடம் திரும்பினேன். “ஏம்மா, நீங்க சொன்ன அந்த வார்த்தை ரெண்டு நாட்டுக்குத்தானா?”

“ஸ்ட்ரிக்டா பார்த்தா நாடுகளுக்குத்தான், அங்கிள். ஆனா இப்ப எல்லாத்துக்கும் சொல்றாங்க. கம்பெனிக்கு, யூனியனுக்கு, காலேஜுக்கு…”

“சங்கத்துக்கு?”

“சொல்றாங்க.”

“தக்காளி மண்டிக்காரனுக்கு?”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அதையும் சொல்ல வேண்டும். “சொல்லலாம் அங்கிள். ரெண்டு பேரும் சமமா உக்காந்து பேசியிருந்தா.”

“உக்காரலம்மா. பெரியவரு ஒருத்தர்தான் உக்காந்திருந்தாரு. நாங்க நின்னுட்டே பேசினோம்.”

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். இரண்டு நாடுகள் கையெழுத்துப் போடும்போது இரண்டு பிரதி எழுதுவார்களாம். ஒரு நாடு வைத்துக்கொள்கிற பிரதியில் அந்த நாட்டின் பெயர் முதலில் வருமாம். இன்னொரு பிரதியில் மற்ற நாட்டின் பெயர் முதலில். யார் பெரியவர் என்கிற சண்டையே வராது. நான் அதைக் காதில் வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். என் சம்சாரம் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கலியாணப் பத்திரிகைல பேரு போடாத சித்தப்பனாட்ட எதுக்குங்க இந்தக் குதி குதிக்கறீங்க?”

“நா பண்ணதுக்கு எம் பேரு வேண்டாமா?”

“சொமந்தது ஆளுக. பலகை புடிச்சது ஆளுக. உங்க பேரு மட்டும் கல்லுலயா?”

“யோசனை என்னுது!”

“யோசனைய ஆரு தலைல வெச்சுத் தூக்குனாங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவளிடமும் கோபம்.

மேட்டூருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் சிரிப்பு. கோபத்தில் இருக்கிறவனுக்குச் சிரிப்பு எப்படி இருக்கும்? “என்ன தம்பி, கேலியா இருக்குதா?”

“இல்லீங்க அண்ணா, இருங்க, வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பறேன், பாத்துட்டுக் கூப்புடுங்க.”

படம் வந்தது. அவர்கள் சங்கத்துச் சுவர். அங்கே பளிங்குக் கல், தமிழ் எழுத்து. அதே வாசகம், அதே இரண்டு தலைவர்கள். அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். அவர்தான் முதலில் பேசினார். “பாத்தீங்களாண்ணா? வேற எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு சங்கமும், நம்மள உட்டுப்போடறதுல மட்டும் என்ன ஒத்துமைங்கறீங்க!”

“உங்களுக்கு எரியலியா?”

“எரிஞ்சுதுங்க. ஒரு வாரம் எரிஞ்சுது. அப்பறம் லோடு வந்துருச்சுங்க.”

இப்படிப்பட்ட ஆளோடு எப்படித்தான் இத்தனை காலம் வியாபாரம் செய்தேனோ. அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. மண்டியில் தினமும் கடை திறந்ததும் உரக்கச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். சரக்கு எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கடைசியில் தலைவரும் செயலாளரும் பழத்தட்டோடு என் வீட்டுக்கே வந்தார்கள். உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள்.

“யஜமான்ரே, ஆயிது, சரி, உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறோம்” என்றார் தலைவர். “கீழே இடம் இருக்கிறது. கல் வெட்டுகிற ஆளிடம் பேசிவிட்டோம்.”

பொய் சொல்ல மாட்டேன், கண்ணுக்கு முன்னால் பொன் எழுத்தில் என் பெயர் மின்னியது. பேரப்பிள்ளைகள் விரலால் தடவிப் படிப்பது தெரிந்தது. பிறகுதான் கேட்டேன்: “அவர் பெயர்?”

“யார் பெயர்?”

“மேட்டூர்க்காரர்.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பழத்தட்டைப் பார்த்தார். பிறகு தலைவரே சொன்னார்: “அவர் வெளி மாநிலத்தவர் அல்லவா யஜமான்ரே? தண்ணீர்த் தகராறு மறுபடி வந்தால் எவனாவது படம் எடுத்துப் போடுவான். அந்தப் பக்கத் தலைவர் பெயர் சங்கத்துக்குச் சங்கம் என்று போய்விடும், தனி ஆள் பெயர் என்றால் வம்பு. உங்களுக்கென்ன? நீங்கள் நம்மவர்.”

நம்மவர்! தூணடியில் உட்கார்ந்திருந்தபோது நான் தமிழன். சங்கத்தில் மெம்பராகச் சேர மனு கொடுத்தபோது நான் தமிழன். தகராறு வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக என் கடைப் பலகையில் கன்னடத்தைப் பெரிதாக எழுதச் சொன்னார்கள், அன்றைக்கும் தமிழன். இன்னொருத்தர் பெயரை விட வேண்டும் என்றதும் ஒரே காபியில் நான் நம்மவர் ஆகிவிட்டேன்.

உள்ளேயிருந்து சம்சாரம் தலையை நீட்டினாள். “போட்டுக்கோங்களேன், இத்தன நாளா இதுக்குத்தான தொண்டை கிழியக் கத்துனீங்க?”

அவர்கள் எதிரிலேயே மேட்டூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். “போடட்டுமுங்க அண்ணா” என்றார் அவர். “எம் பேரு இல்லாட்டி என்னுங்க? நா என்ன பலகையப் பாத்தா சோறு திங்கப் போறேன்?”

“நீங்க சும்மா இருங்க தம்பி!” என்று கத்தினேன். ஒத்தாசைக்குக் கூப்பிட்டால் இப்படியா பேசுவது?

தலைவர் “பாருங்கள், அவரே சொல்லிவிட்டார்” என்று எழுந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். என் வீடு அல்லவா.

“தலைவரே, என் பெயரை மட்டும் போட்டால் அந்தக் கல் என்ன சொல்லும்? நான் ஒருத்தனே பாலாற்றில் போய் நின்று, எனக்கு நானே தக்காளி கொடுத்து, எனக்கு நானே வாழைத்தார் வாங்கினேன் என்றா? உங்கள் மேடம் மேடையில் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஒரு பெயர் இருந்தால் அது இருதரப்பு இல்லை. என் லாரி முதுகைக் காட்டி நின்றது என்றால், அது காட்டின இடத்தில் இன்னொரு முதுகு இருந்தது. அது இல்லாவிட்டால் என் தக்காளி தரையில்தான் விழுந்திருக்கும்.”

பழத்தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மரியாதையாகத்தான் கொடுத்தேன். ஆப்பிளை மட்டும் என் சம்சாரம் எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்தினாள். கோபத்தைத் திருத்த நான் விடவில்லை. சங்கத்துக்காரர்கள் படிப்பார்கள் என்று தெரியும். தமிழ் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். மைசூர்ச் சுவரில் என் பெயர் முதலில், மேட்டூர்க்காரர் பெயர் இரண்டாவது. மேட்டூர்ச் சுவரில் அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. நாடுகளுக்கு நடக்கிற மரியாதை எங்களுக்கும் நடக்கட்டும். எழுத்து தலைவர்கள் பெயரைவிட ஒரு நூல்கூடச் சின்னதாக இருக்கக் கூடாது. கீழே ‘இரு பக்கத்துச் சுமைக்காரர்களும்’ என்று ஒரு வரி. அது என் சம்சாரம் கேட்டது, யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தலைவர்கள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அவர்கள் பெயருக்கு மேல் ‘உருவாக்கியவர்கள்’ என்று இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். உருவாக்கினவன் நான். நானும் அவரும்.

கல் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று செயலாளர் மண்டியில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இந்த ஊர்ப் பக்கம் கல்லுக்கா பஞ்சம்? புதுக் கல் வாங்கி வெட்டுங்கள். ஏற்றி வர லாரி நான் தருகிறேன். என் பெயரை வையுங்கள். அவர் பெயரோடு.